தோல் வாசனை

வேலூர்க் கோட்டைக்குள் புல் பிடுங்குவது என் வேலை. ஒரு காலத்தில் இங்கே ராஜா குடும்பங்களைச் சிறை வைத்தார்களாம். பிறகு சர்க்கார் ஆபீசுகள் இருந்தன. இப்போது ஜனங்கள் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். அந்த மாதனூர்க்காரர் மட்டும் ஒளிந்துகொள்ள வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஷூ கம்பெனி அட்டை தொங்கும். வேலையிலிருந்து நிறுத்தி நாலு மாதமாகியும் அவர் வீட்டில் சொல்லவில்லை. காலையில் சோற்று டப்பாவோடு வந்து மரத்தடியில் உட்காருவார். சாயங்காலம் கிளம்புமுன் ஒரு தோல் துண்டை எடுத்துச் சட்டையில் தேய்த்துக்கொள்வார்.

ஒருநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். “இன்னாப்பா இது?”

“வேலைக்குப் போய்ட்டு வந்தா தோல் வாசன அடிக்கணுமே ஆயா. எம் பொண்டாட்டி மோப்பம் புடிச்சிடுவா.” சிரித்தார். “இங்க சிறை வெச்ச ராஜாவுக்காவது காவல் போட்டாங்க. நான் நானா வந்து உக்காந்துக்கிறேன்.”

பிறகு சட்டை நுனியை என்னிடம் நீட்டினார். “வருதா பாரு.”

சோப்பு வாசனைதான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து, “வருதுப்பா” என்றேன்.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. வேறு இடம் தேடிக்கொண்டாரா, தெரியாது. அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருக்கிறது. வாசனை இல்லை என்று சொல்லியிருந்தால், அன்றைக்காவது பொண்டாட்டியிடம் வாய் திறந்திருப்பாரோ என்னவோ.