பெட்டிக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் மருத்துவப் பொறியாளர் சங்கத்துக்கு மேடை என்றால் உயிர். மருத்துவக் கருவிகளைப் பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் சங்கம். ஆனால் காஞ்சிபுரத்தில் நடத்திய முகாமில் காலை முழுவதும் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தோம். பட்டு நெய்கிற ஊரில் ஆடைக்கா பஞ்சம்! செயலாளர் என்று எனக்கும் ஒன்று விழுந்தது. வேர்த்துக் கொட்டியது.

'வீட்டிலுள்ள கருவியைக் கொண்டு வாருங்கள், சரிபார்த்துத் தருகிறோம்' என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். அதை நம்பிப் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஓர் அம்மா, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அது சரியாக ஓடவில்லை. நுரையீரல் கெட்டுப்போன கணவர் வீட்டில் இரவல் சிலிண்டரோடு கிடக்கிறார்.

"மத்தியானம் வரைக்கும்தான் சார் தாங்கும். சீக்கிரம் பாத்துக் குடுங்க" என்றார்.

நான் பெட்டியைத் திறப்பதற்குள் தலைவர் அதையே மேடைக்குத் தூக்கிவரச் சொன்னார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. சிறப்பு விருந்தினர் சுவிட்சைப் போட்டுவிட்டு, "இன்னிக்கு இதுதான் விழா நாயகன்" என்று அதற்கும் ஒரு பட்டுப் பொன்னாடையைச் சுற்றிப் போர்த்தினார். காற்றை இழுக்கும் பக்கம் மொத்தமாக மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அலாரம் கத்தியது. கூட்டம் கைதட்டியது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

போய் ஆடையை உருவினேன். "சபை மரியாதை தெரியாதாப்பா?" என்று தலைவர் பல்லைக் கடித்தார். நான் பெட்டியைக் கீழே இறக்கிப் பார்த்தேன். தறி ஓடும் வீட்டின் பட்டுப் பிசிறும் தூசியுமாக ஃபில்டர் அடைத்துக் கிடந்தது, வேறு பழுதே இல்லை. பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"பயனாளி அம்மா, மேடைக்கு வாங்க, ஒரு படம் எடுத்துக்கலாம்" என்று தலைவர் மைக்கில் கூப்பிட்டார். அந்த அம்மாவின் போன் அடித்தது. கேட்டவர் முகம் மாறியது.

"சிலிண்டர் தீந்துபோச்சாம் சார்."

பெட்டியை நானே தூக்கிக்கொண்டு ஓடி, அவரோடு ஆட்டோவில் ஏறினேன். வீட்டில் அவர் கணவர் முட்டியில் கையூன்றி, தோள் ஏறி இறங்கக் குந்தியிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பெட்டியை ஓடவிட்டுக் குழாயை மூக்கில் வைத்தோம். பேச்சு வர ரொம்ப நேரம் பிடித்தது.

"இவ்ளோ நேரம் அங்க இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்றார் மனைவியிடம்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாரையே கேளு."