எங்கள் தறிக்கூடத்துப் படத்துக்கு வந்த நோட்டீஸ்

ஊரடங்கில் ஆடிப்பூரத் தேர் நகராமல் நின்ற வருடம். பேண்டேஜ் துணிக்கு ஆர்டர் குவிந்ததால், செட்டியார்பட்டி ஸ்டுடியோ அந்தோணியை வரவழைத்து எங்கள் தறிக்கூடத்தைப் படம் எடுத்து இணையத்தில் போட்டோம்.

அந்தப் படம் தங்களுடையது என்று எங்கோ ஒரு போட்டோ விற்கிற கம்பெனி இப்போது நஷ்டஈடு கேட்கிறது. எனக்கு எழுத்து தெரியாது. மருமகள்தான் வாசித்தாள்; நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். 'கோர்ட்' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வக்கீலைப் பார்த்தோம்.

"தறி எங்களதுதான சார்?"

"தறி ஒங்களது பெரியவரே. படம், எடுத்தவருக்குல்லா சொந்தம்? அவரக் கூட்டிட்டு வாங்க."

"அவரு மவுத்தாயிட்டாரு சார். அவரு கம்ப்யூட்டரயும் பழைய இரும்புக்குப் போட்டுட்டாக."

"அப்ப எடுக்கையில பாத்த வெளியாளு யாராச்சும்?"

பஸ்ஸில் வரும்போது அதே நினைப்பு. தறியை விற்கும்படி ஆகிவிடுமோ?

அன்று லைட் பிடித்த மாரியப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். பாவு நூல் ஓட்டிய செல்லம்மாவும் இல்லை. மிச்சம் ஒரே ஒருவர். "ஏலே, துணிக்கு என்ன கல்யாணமா, போட்டோ புடிக்கீக?" என்று வாசலில் நின்று சிரித்தவர். சுவர்த் தகராறுக்குப் பிறகு என் முகத்திலேயே விழிக்காதவர்.

சாட்சி சொல்லக் கூப்பிட யாராவது அவரிடம் தூது போகிறீர்களா? அவர் பக்கத்துத் தறிக்கூடத்து சுலைமான்தான்.