தண்ணீர் குடித்த மூட்டைகள்

எங்கள் தெருவில் வெள்ளத்தைத் தடுக்க முதலில் செய்த வேலை டீ-சர்ட் அடித்ததுதான். மஞ்சள் நிறம், காலர் வைத்தது, முதுகில் 'வெள்ளத் தடுப்புக் குழு' என்று கொட்டை எழுத்து. பனியன் ஊர்க்காரர்களுக்கு எந்தக் காரியமானாலும் அதற்கொரு சட்டை வேண்டும். அந்தச் சட்டைகளுக்குத் தோள் மூட்டிக் கொடுத்தது நான்தான். இதை மாட்டிக்கொண்டு போய் இவர்கள் தண்ணீரிடம் என்ன பேசப்போகிறார்கள் என்று தைக்கும்போதே சிரிப்பு வந்தது.

வேலம்பாளையத்தில் எங்கள் தெரு சரிவாக இறங்கும். மேட்டில் பனியன் கம்பெனி. அதன் முதலாளிதான் குழுவுக்குத் தலைவர். தெருவின் அடியில் ஓடை. இங்கே அதைப் பள்ளம் என்போம். பள்ளத்துக் கரையில் ஐந்து லைன் வீடுகள், கடைசி வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும். பள்ளம் தெருவைக் கடக்கும் இடத்தில் ஒரு சிறுபாலம், அதன் அடியில் இரண்டு சிமெண்ட் குழாய்கள். பெருமழை பெய்தால் தண்ணீர் அந்தக் குழாய்களில் அடங்காமல் எங்கள் வீடுகளுக்குள் கொஞ்சம் வரும். முந்தின முறை முழங்கால் அளவு வந்தது. அதன் கறை சுவரில் ஒரு கோடாக நின்றிருந்தது.

எனக்கு வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. அது வாடகை வீடு. என் கவலையெல்லாம் உள்ளே இருந்த ஓவர்லாக் தையல் மிஷின்தான். பத்து வருஷம் கம்பெனி கம்பெனியாக அடுத்தவர் மிஷினில் உட்கார்ந்து தைத்த பிறகு, எனக்கென்று வாங்கியது. அது வந்த நாளிலிருந்து மணியடித்தால் எழுவதும் மணியடித்தால் உட்காருவதும் ஒழிந்தது. என் வீட்டில், என் நேரத்தில், ரேடியோவைக் கேட்டுக்கொண்டே தைத்தேன்.

மழைக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு டீ, இரண்டு போண்டா. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"மணலுக்கு எங்கீங்க போறது? நம்ம குடோன்ல கட்டிங் வேஸ்ட் மலையாட்டம் கெடக்குது. அதைச் சாக்குல அமுக்கிக் கட்டிப் பள்ளத்தோரம் அடுக்குனா, தண்ணி எப்படீங்க உள்ள வரும்?"

கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"ஏனுங்க, பனியன் துணி தண்ணி குடிக்குமுங்களே. மொதல்ல அந்தக் குழாயில அடைச்சிருக்கற மண்ணை வாருனாப் போதுமுங்க."

"குடிக்கட்டும் அம்மிணி. குடிச்சாக் கனமாகும், கனமானா நகராது. சரிதானுங்களே?"

எல்லோரும் "ஆமாங்க" என்றார்கள். நானும் சொன்னேன். என் மிஷினுக்குத் தைக்க வரும் பீஸெல்லாம் அவர் கம்பெனியிலிருந்துதான் வரும். சொல்லிவிட்டு போண்டாவையும் தின்றேன்.

ஊர் ஊராகப் பட்டறைகளுக்கு மிஷின் துடைக்கப் பனியன் வேஸ்ட் அனுப்புகிறவர்கள் இவர்கள். எண்ணெயோ தண்ணீரோ, தொட்டவுடன் உறிஞ்சும் என்றுதானே அதை வாங்குகிறார்கள்? அதை வைத்து வெள்ளத்துக்கு அணை கட்ட வேறெந்த ஊரில் ஆளுக்குத் தோன்றும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சட்டைகள் வரிசையாக நின்று மூட்டைகளைக் கைமாற்றின. மூட்டையை அடுக்கிய நேரத்தைவிட போட்டோ எடுத்த நேரம் அதிகம். குழாயில் இருந்த மண்ணை ஒருவரும் தொடவில்லை. குனிந்தால் சட்டை அழுக்காகிவிடுமே.

அவர்களை நம்பி நான் உட்காரவில்லை. வீட்டுக்காரரும் நானும் மிஷின் மேஜையின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரண்டு ஹாலோ பிளாக் கல் வைத்தோம். மேஜைக்குக் கீழே தொங்கும் மோட்டார், சுவரில் இருந்த கோட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் தைக்க வேண்டியிருந்தது. பரவாயில்லை என்று இருந்தேன்.

மழை ஒரு நாள் விடியற்காலை பிடித்தது. பத்து மணிக்குப் பள்ளம் நிரம்பியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டைகள் முதலில் மிதந்தன. துணிதானே, மிதக்காமல் என்ன செய்யும்? ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து, நகர்ந்து, நேராகப் பாலத்துக்குப் போய்க் குழாய் வாயில் செருகிக்கொண்டன. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தலைவர் சொன்னபடி தண்ணீர் குடித்துக் கனத்தன. கனத்ததும், அவர் சொன்னபடியே நகரவில்லை.

போக வழியில்லாத தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பியது. சுவரில் இருந்த கோட்டை அரை மணி நேரத்தில் தாண்டியது. இடுப்பளவு தண்ணீரில் நின்று இருவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டோம். மோட்டார் முழுகியது என் கண் முன்னால்தான். பிறகு ஒரு கல் புரண்டது. மேஜை சாய்ந்தது, மிஷின் தலைகுப்புறச் சேற்றுத் தண்ணீருக்குள் போனது. நான் வாய்விட்டு அழுதேன்.

தண்ணீரை வடியவைக்கப் பாலத்தடியில் இறங்கியவர்கள் லைன் வீட்டு ஆண்கள்தான். மூட்டையைத் தூக்க முடியவில்லை. அரிவாளால் சாக்கைக் கிழித்துத் துணியைக் கைகையாக உருவி எடுத்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு மேட்டில் நின்று யோசனை சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மெக்கானிக் வந்தார். மிஷினைத் திறந்து பார்த்தார், மூடினார், "இது இனி ஆகாதுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நான் முதலாளியின் கம்பெனிக்கே போகிறேன். மணியடித்தால் உட்காருகிறேன், மணியடித்தால் எழுகிறேன். அவருடைய தையல் மிஷின்கள் எல்லாம் இரண்டாவது மாடியில் இருக்கின்றன. வெள்ளத்துக்குத் தயாராவது எப்படி என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

போன வாரம் சூப்பர்வைசர் வந்து, இந்த வருஷமும் மூட்டை கட்ட வேண்டும், உள்ளே பாலிதீன் கவர் போடப்போகிறோம், யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். வரிசையில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"நான் வரலீங்க. குழாய்ல மண்ணை வார்றதுன்னாக் கூப்பிடுங்க, வாரனுங்க" என்றேன்.

அந்தப் பக்கமாக வந்த முதலாளி நின்றார். "ஏன் அம்மிணி, கோவமா?"

"உங்க மூட்டை வந்து அடைக்காம இருந்திருந்தா என் மிஷின் முழுகியிருக்காதுங்க."

அவர் கோபப்படவில்லை. சிரித்த முகமாகவே சொன்னார்: "போனது போகட்டும் உடுங்க. அதான் இப்ப மேல வந்து பத்திரமா உக்காந்துட்டீங்களே."

என்னைத் தேற்றுவதாகத்தான் அவர் நினைத்தார்.