சிவப்புக் கொடுக்குக்காரன்

எறா விக்கிறவளுக்குக் கையில நகமும் நிக்காது, வாயில நல்ல வார்த்தையும் நிக்காது. கோத்தா திங்கி மார்க்கெட்டுல மீன் வரிசையோட கடைசி மேசை என்னுது. நான் விக்கிறது ஆத்து எறா. மலாய்க்காரங்க ஊடாங் காலான்னு சொல்வாங்களே, நீளமா நீலக் கொடுக்கோட, தலை நெறைய மஞ்சக் கொழுப்போட இருக்குமே, அதுதான். அத சாப்பிடறதுக்குன்னே எங்கெங்க இருந்தோ காரு போட்டு இந்த ஊருக்கு வர்றாங்க. அது இப்ப ஆத்துல கொறஞ்சிகிட்டே போகுது. அது இருந்த எடத்துல வேற ஒருத்தன் வந்து ஒக்காந்துட்டான். மேசை போட்டு நின்னே பொழைக்கிற என் இனமே, இத உங்ககிட்ட கொட்டாம வேற யாருகிட்ட கொட்டுவேன்?

புது விருந்தாளி

எனக்கு எறா கொண்டாந்து குடுக்குறவரு பாக் மான். ஆத்தோரக் கம்பத்துல, அதான் அவங்க கிராமத்துல, இருக்கிற மலாய்க்காரரு. படகுல போயி, கம்பிக் கூண்டு எறக்கி, வலையும் போட்டுப் பிடிப்பாரு. ஒருநாள் காலையில வாளிய என் மேசையில கவுத்தாரு. நீலக் கொடுக்குங்களுக்கு நடுவுல பச்சையும் பழுப்புமா ஒண்ணு நெளிஞ்சிது. ஒடம்பப் பாத்தா எறா, கையப் பாத்தா நண்டு, கொடுக்கு ஓரத்துல சிவப்பா ஒரு பட்டை. ஆஸ்திரேலியா சரக்காம். கண்ணாடித் தொட்டியில வச்சி அழகு பாக்கவும், வீட்டுல வளத்து விக்கவும் ஆளுங்க வாங்கினது, இப்ப ஆத்துல குடித்தனம் நடத்துது. எங்க எறா ஒளியிற எடத்துல இது ஒளியுது, அது திங்கிறத இது திங்குது, குஞ்சு குளுவானையும் விடறதில்லன்னு பாக் மான் சொன்னாரு.

என்னதான் இதுன்னு தூக்கிப் பாத்தேன். கையுறையோட சேத்து வெரலக் கவ்விருச்சி. "அலமாக்!"னு நான் போட்ட சத்தத்துல மார்க்கெட்டே திரும்பிச்சி. பக்கத்து மேசையில கெம்போங் மீன் வாங்கிகிட்டு இருந்த பொண்ணு ஓடி வந்தா. ஒதவிக்குத்தான் வர்றான்னு நெனச்சேன். அவ போனை நீட்டிகிட்டு சொன்னா: "அக்கா, கைய ஆட்டாதீங்கலா, போட்டோ மங்கலா வருது."

ஒத்தக் கை

இந்தக் கடங்காரன் கூண்டுக்குள்ள பூந்தா சும்மா இருக்க மாட்டான். உள்ள மாட்டியிருக்கிற எறாவோட கொடுக்கெல்லாம் பிச்சிப் போட்டுருவான். எறா வாங்குற நம்ம ஆளுங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? ரெண்டு கொடுக்கும் முழுசா இருந்தாத்தான் கையே வைப்பாங்க. சிகாமட்ல இருந்து ஒருத்தரு வந்தாரு, நெத்தியில திருநீறு, நல்ல மரியாதையான மனுஷன். ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பிப் பாத்தாரு, வச்சாரு. மறுபடி எடுத்தாரு, மறுபடி வச்சாரு. எனக்கு மண்டை காஞ்சிருச்சி.

"ஐயா, ஒரு கை இல்லன்னா ருசி போயிருமா? உயிரோட துள்ளுது பாருங்க"ன்னு சொன்னேன். அவரு கோவப்படல. மெதுவாத்தான் சொன்னாரு: "எனக்கு இல்லம்மா, நாளைக்கு எங்கப்பாவுக்குப் படைக்கணும். அவரு ஆசையா சாப்பிட்டது இது ஒண்ணுதான். கை ஒடிஞ்சத எப்படி எலையில வைக்கிறது?"

தின்னே தீத்துருவோம்

கேக்குறவங்க எல்லாருக்கும் ஒரே யோசனைதான். பிடிச்சித் தின்னா தீந்துருமாம்! என்னமோ இவங்க வாயி அம்மாம் பெரிய ஆறு மாதிரி. சரி, அதையும்தான் பாப்போமேன்னு பஸ் ஸ்டேஷன் பக்கம் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிற பாய்கிட்ட ஒரு கூடை குடுத்து அனுப்பினேன். 'லோப்ஸ்டர் பெரட்டல்'னு பலகையில எழுதியே வச்சிட்டாரு மனுஷன்.

மறுநாளு வெறுங்கூடையோட வந்து நின்னாரு. ஓட்ட ஒடைக்க அம்மிக் குழவி எடுக்க வேண்டியதாப் போச்சாம். கொழம்புல எறங்குறதுக்குத் தலையில கொழுப்பு கொஞ்சமும் இல்லயாம். சாப்பிட வந்தவங்க, சதை எங்க சதை எங்கன்னு கேட்டே எந்திரிச்சிப் போயிட்டாங்களாம். பாய் சொன்னாரு: "அக்கா, இது எலெக்‌ஷன் பேச்சு மாதிரிலா. வர்றப்ப பெரிசா வருது, ஒடச்சிப் பாத்தா உள்ள ஒண்ணும் காணோம்."

நாற்காலி

சிரிச்சது போதும். எனக்கு வயிறு எரியிற கதை இனிமேதான். பாக் மானோட வாளியில வரவர எங்க எறா பாதி, சிவப்புக் கொடுக்குக்காரன் பாதின்னு ஆயிருச்சி. அவன் வலையையும் அறுத்துப் போடறான், யாரும் வாங்கவும் மாட்டேங்குறாங்க. ஒருநாள் பாக் மான் போகாம மேசை ஓரமா நின்னாரு. செனாய்ல ஒரு பேக்டரியில காவல்காரன் வேலைக்குக் கூப்பிடறாங்கன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. அவரு ஆத்துல எறங்கலன்னா என் மேசையில என்னத்த வைக்கிறது? ஐஸ் கட்டிய வச்சிகிட்டு நிக்கிறதா?

"பொறந்ததுல இருந்து ஆத்துல கெடந்தவரு, பேக்டரி வாசல்ல போயி நிப்பீங்களா?"ன்னு சத்தம் போட்டேன். அவரு மலாயில சொன்னது அப்படியே தமிழ்ல: "நிக்கச் சொல்லல தங்கச்சி, ஒக்கார நாற்காலி தர்றாங்களாம். படகுல எனக்கு முட்டி வலிக்குது, கூண்டைத் தூக்கினா மனசும் வலிக்குது."

கொழுந்தனோட புண்ணியம்

தீபாவளிக்கு முந்தின வாரம். செடெனாக்ல இருக்கிற என் கொழுந்தன், அதான் வீட்டுக்காரரோட தம்பி, மருமகன் வர்றாருன்னு எறா வாங்க வந்தான். பொறுக்கிகிட்டே பேசினான். அவன் வீட்டுப் பின்னால தொட்டி கட்டி இந்தச் சிவப்புக் கொடுக்கனத்தான் வளக்குறான். எனக்குத் தெரியவே தெரியாது! வித்துப் பணக்காரன் ஆகப் போறானாம். ஆனா புரட்டாசி வந்தா வீடே சைவம். அந்த மாசத்துல கொல்லவும் கூடாது, கொல்றவன்கிட்ட விக்கவும் கூடாது, வீட்டுல வச்சிருந்தா கவிச்சி. அதனால வருஷா வருஷம் புரட்டாசி மொத நாளு, தொட்டியில இருக்கிறத எல்லாம் வாளியில அள்ளிட்டுப் போயி, தோட்டத்துப் பாரிட் வாய்க்கால்ல சூடம் ஏத்திக் கும்பிட்டு விட்டுருவானாம். பாரிட் தண்ணி எங்க போகும்? நேரா ஆத்துக்குத்தான். புரட்டாசி முடிஞ்சா மறுபடி குஞ்சு வாங்கி விடுவானாம். "எத்தன உயிரு அண்ணி! எம்மாம் புண்ணியம்!"னு நெஞ்சத் தொட்டுக்கிட்டான்.

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திகிட்டு வந்துச்சி. கையில இருந்த எறாவ அவன் மூஞ்சியிலேயே வீசியிருப்பேன். அந்த நேரம் பார்த்து பாக் மான் வந்து நின்னாரு. வாளிய எறக்கி வச்சிட்டு, திங்கக்கெழமை வேலைக்குச் சேர்றேன், இதோட முடிஞ்சிதுன்னாரு. அவருக்குத் தமிழ் தெரியாது, என் கொழுந்தன் சொன்னது ஒண்ணும் வெளங்கல, அவனப் பாத்துச் சிரிச்சாரு. அவன் அந்தக் கடைசி வாளியையும் கிண்டிப் பாத்துட்டு, மூஞ்சியச் சுளிச்சி என்னையக் கேட்டான்: "என்னண்ணி எல்லாமே ஒத்தக் கையா இருக்கு? ஆத்த யாருமே பாத்துக்கிறதில்லயா?"

புரட்டாசி வந்தா எங்க குடும்பத்துல ஒருத்தரும் கவிச்சி தொடறதில்லங்க, எங்க எல்லாருக்கும் சேத்து அந்தச் சிவப்புக் கொடுக்கன் ஒருத்தன் ஆத்துல தின்னுகிட்டு இருக்கான்.