மழைநாள் நகல்

தெருமுனை இன்டர்நெட் கடையை நடத்தும் அக்காவுக்கு, ஒரு பக்கம் வந்து சேரும் அந்த நேரம்தான் பிடிக்கும். முகவரியைத் தட்டியதும் இங்கிருந்து ஒரு கேள்வி புறப்பட்டு, எங்கோ குளிரூட்டிய அறையில் தூங்காமல் இருக்கும் ஒரு கணினியைத் தேடிப் போகும். பதில் துண்டு துண்டாக வரும். முதலில் வெறும் எழுத்துகள். பிறகு நிறங்கள். கடைசியில் படங்கள், ஜன்னல் திரையை யாரோ மெல்ல இறக்குவதுபோல. பிரவுசர் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்கார வைப்பதை அவள் அரைத்தூக்கத்தில் இருப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் கடையின் லைன் நொண்டி. ஆட்கள் காத்திருக்க வேண்டாமே என்று, ஒருமுறை வந்த பக்கத்தின் நகலைக் கணினியே வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே காட்டும்படி அமைத்திருந்தாள்.

அதே தெருவில் இருக்கும் ஒரு வெல்டரின் மனைவி தினமும் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பாள். வெல்டருக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்ய வேண்டும். தள்ளிப்போனால் இருக்கிற பார்வையும் போய்விடும். தேதியை ஆஸ்பத்திரி தன் இணையப் பக்கத்தில்தான் போடும். ஒரு போன் செய்ய அங்கே யாருக்கும் விரல் வளையாது. பார்வை மங்கியவனிடம், நீயே வந்து படித்துக்கொள் என்று சொல்லும் நிர்வாகம் அது.

தினமும் ‘காத்திருக்கவும்’ என்றே இருந்தது.

"விடுக்கா, எங்க தலையெழுத்து" என்று அன்றும் அவள் கிளம்பினாள்.

"தலையில யாரும் எதுவும் எழுதலம்மா. எழுதுறது ஆஸ்பத்திரி கிளார்க்கு."

சொல்லிக்கொண்டே அக்கா அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தின் மூலையைப் பார்த்தாள். இன்றைய வானிலை என்று ஒரு சின்ன மேகம் மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே தார் உருகும் வெயில்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கணினி ஆஸ்பத்திரியைக் கேட்கவே இல்லை. என்றோ ஒரு மழைநாளில் வாங்கியதையே தினமும் எடுத்து நீட்டியிருக்கிறது.

"நில்லும்மா. தப்பு என்னோடது."

நகல்களை அழித்துவிட்டுப் புதிதாகக் கேட்டாள். திரை வெள்ளையாகக் கிடந்தது. பிறகு எழுத்துகள் வந்தன: ‘இன்று மதியம்’.

"ஐயோ, அவரு இன்னும் குளிக்கவே இல்லையேக்கா."

"அங்க போய்க் குளிப்பாட்டிக்கலாம், ஓடு."

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அக்காவும் கூடவே ஓடினாள்.

ஆபரேஷன் முடிந்து கண் கட்டை அவிழ்த்த பிறகு வெல்டர் ஒருநாள் கடைக்கு வந்து திரைமுன் உட்கார்ந்தார். இப்போது அங்கே நகல் வைப்பதில்லை. எல்லோரும் காத்திருந்துதான் பார்க்கிறார்கள். மூலையில் ஒரு சூரியன் பாதி வந்து நின்றது.

"என் கண்ணுதான் இன்னும் சரியாகலையா, இல்ல படமே பாதிதானா?"

"படம் வந்துக்கிட்டிருக்குண்ணே."

"மெதுவா வரட்டும்" என்று அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.