கரையில் எண்ணிய பன்னிரண்டு உடல்கள்

இறந்து கிடப்பதைத் தொடலாம், பார்க்கலாம், காலில் நூல் கட்டலாம். ஆனால் கிடந்த இடத்தை விட்டு அசைக்கக் கூடாது. என் மகளுடைய டீச்சர் பிள்ளைகளுக்குச் சொன்ன முதல் விதி இது. எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். அதை மீறியவன் நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஷார்ஜாவில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். படிப்பு எட்டாவதோடு நின்று போனது. முருகன் அருளால் குடும்ப விசா கிடைத்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டேன். மகள் ஏழாம் வகுப்பு. அவளுடைய சயின்ஸ் டீச்சர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். வெள்ளிக்கிழமைதோறும் ஆறு பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அங்கே என்ன உயிரோடு இருக்கிறது, என்ன செத்துக் கிடக்கிறது என்று எண்ணி எழுத வைப்பார். அந்தக் கரை ஊரைத் தாண்டி வடக்கே இருந்தது. பஸ் கிடையாது. கம்பெனி பிக்கப் வண்டி விடுமுறை நாளிலும் டூட்டி இல்லாத நேரத்திலும் என்னிடம்தான் இருக்கும். அதனால் நான் சாரதியானேன்.

அந்தக் கரை எனக்கு முன்பே பழக்கம். அப்பா ஊரில் இறந்தபோது தந்தி எனக்கு நான்காம் நாள்தான் வந்து சேர்ந்தது. தம்பி கொள்ளி வைத்து, சாம்பலும் கரைத்து முடித்திருந்தான். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. அன்று முதல் அமாவாசைக்கு அமாவாசை விடியலில் அந்தக் கரைக்குப் போய், ஆள் நடமாட்டம் தொடங்குமுன் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வருவேன். கடல் எங்கே இருந்தாலும் ஒரே கடல்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

பிள்ளைகள் எண்ணும் விதம் பார்க்க அழகாக இருக்கும். உடைந்த படகு ஒன்று கரையில் கிடந்தது. அதிலிருந்து துருப்பிடித்த இரும்புத் தூண் வரைக்கும்தான் அவர்கள் எல்லை. வரிசையாக நடப்பார்கள். சதுரமாகக் கட்டிய கயிற்றை மணலில் போட்டு, அதற்குள் இருக்கும் நண்டு வளை, சிப்பி, தார் உருண்டை எல்லாவற்றையும் எண்ணுவார்கள். செத்த பறவை கிடந்தால் அதன் காலில் சிவப்புக் கம்பளி நூல் கட்டுவார்கள். அடுத்த வாரம் அதையே புதிதாக எண்ணிவிடக் கூடாது அல்லவா, அதற்காக. என் மகளுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நோட்டு அவளிடம்.

"அங்கிள், நண்டெல்லாம் உள்ள போயிருச்சு. அட்டெண்டன்ஸ் எடுக்க வெளிய வரச் சொல்லுங்க" என்பான் அதில் ஒரு வாயாடி.

"நீ பாடுனா வந்துரும்டா, உயிருக்குப் பயந்து" என்பாள் என் மகள்.

வீடு திரும்பினால் மனைவி வாசலிலேயே மண்ணெண்ணெய்த் துணியோடு நிற்பாள். "தாரு ஒட்டுன காலோட உள்ள வந்தீங்க, ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது" என்பாள். அந்தக் காலத்தில் அந்தக் கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும், உள்ளங்காலில் தார் ஒட்டாமல் யாரும் வீடு வந்ததில்லை. கப்பல்கள் நடுக்கடலில் எண்ணெய்த் தொட்டியைக் கழுவி ஊற்றுகின்றன என்று எல்லாரும் பேசிக்கொள்வார்கள். எவ்வளவு வருகிறது, எது சாகிறது என்று எழுதி வைத்தவர் மட்டும் யாருமில்லை.

டீச்சர் அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றில் போய்ப் பேசினார். பிள்ளைகள் எழுதுவதை அவர்களுடைய ஃபைலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. "பசங்க கணக்கு சரியா இருக்கான்னு ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்றோம்" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட பிரின்சிபாலும் ஒரே பிடியாக நின்றார். ஆய்வுக்கூடம் ஏற்றுக்கொண்டால் தொடரலாம், இல்லையென்றால் அந்த வாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஷூவெல்லாம் தார் என்று பெற்றோர்கள் அவரிடம் சண்டை பிடித்திருந்தார்கள்.

தை மாதம் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தது. அது ஓய்ந்த வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது கரையே கறுத்துக் கிடந்தது. நீர்க்காகங்கள் சிறகு ஒட்டிப்போய், கழுத்து முறுக்கி அங்கங்கே செத்துக் கிடந்தன. வாயாடிப் பையன்தான் அன்று நூல் உருண்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பதினோரு பறவை, ஓர் ஆமை. ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டினார்கள். படகிலிருந்து எத்தனை தப்படி என்று அளந்தார்கள். என் மகள் எழுதினாள்.

கிளம்பும்போது டீச்சர் என்னிடம், "அண்ணா, நாளைக்கு மதியம் ஆய்வுக்கூடத்துல இருந்து ஒருத்தர் வராரு. ஸ்கூல் விட்டதும் பிள்ளைங்கள நீங்கதான் கொண்டுவரணும்" என்றார். சரி டீச்சர் என்றேன். வருகிறவர் நோட்டைப் பார்க்க வருகிறார் என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

மறுநாள் சனிக்கிழமை, தை அமாவாசை. விடியலில் எள்ளும் தர்ப்பையும் எடுத்துக்கொண்டு அதே கரைக்குப் போனேன். இரண்டு நாய்கள் ஆமையின் கழுத்தைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தன. கல்லெடுத்து விரட்டினேன். அதன் கண் திறந்தே இருந்தது. அப்பாவுக்குத் தண்ணீர் விட வந்த நாளில், கேட்பாரற்று இத்தனை உடல் கண்ணெதிரே கிடக்கிறது. இவற்றைத் தாண்டிப் போய் நான் என்ன தர்ப்பணம் செய்வது?

விதி நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் எனக்குள் ஸ்டோர் கீப்பர் ஒருவன் இருக்கிறானே, அவன் சொன்னான்: எண்ணியாகிவிட்டது, எழுதியாகிவிட்டது, இனிமேல் சரக்கை எடுத்து வைத்தால் என்ன? கணக்கு நோட்டில் பத்திரமாக இருக்கிறது. உடல் யாருக்கு வேண்டும்?

பிக்கப்பில் மண்வெட்டி கிடந்தது. அலை எட்டாத மேட்டில் ஆழமாகக் குழி வெட்டி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தேன். எண்ணவில்லை. பிணத்தை எண்ணுவது தப்பு என்று பட்டது. கொஞ்சம் திருநீறு தூவி, பெயர் தெரியாத இந்த ஜீவன்களுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விட்டேன். மணலை மூடி நிரவியபோது என் மனசு அப்படி இலேசாக இருந்தது. அப்பா போனபின் முதல் முறையாக ஓர் அமாவாசை நிறைவாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு டூட்டிக்குப் போனேன்.

மதிய இடைவேளையில் டீச்சரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும்போது பின்னால் ஒரே சத்தம்.

"அந்த ஆமையை அவர் அறுத்துப் பாப்பாராம். வயித்துக்குள்ள ஆயில் இருக்கான்னு."

"உவ்வே! நான் பாக்கமாட்டேன்."

"ரெட் நூல் பாத்தாலே போதும், நம்ம கவுண்ட் கரெக்ட்டுன்னு ஒத்துக்குவாரு" என்றாள் என் மகள்.

வருஷத்துக்கு ஒருமுறை என் ஸ்டோருக்கே ஆள் வந்து, ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு, ரேக்கில் இருக்கும் சரக்கை எண்ணிப் பார்ப்பார். அதுகூடவா எனக்குத் தோன்றவில்லை? வண்டியை நிறுத்தி டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திருநீறு போட்டு மூடிய குழியைத் திறக்கச் சொல்வார்களே என்ற பயம்.

வந்தவர் பாகிஸ்தானி. வயதானவர், மரியாதையானவர். கையில் ஒரு ஐஸ்பெட்டி. டீச்சரோடும் பிள்ளைகளோடும் படகிலிருந்து தூண் வரை நடந்தார், திரும்பவும் நடந்தார். மணல் இருந்தது, தார் இருந்தது. ஒரு இறகுகூட இல்லை.

"டீச்சர்ஜி, மாஃபி. குச் நஹி ஹை" என்றார். ஒன்றுமில்லை.

"நேத்து இருந்துச்சு சார். பன்னிரண்டு. எல்லாத்துக்கும் நூல் கட்டியிருந்தோம்" என்று டீச்சர் இங்கிலீஷில் பதறினார். கடல் கொண்டு போயிருக்குமோ என்று அவரே சந்தேகப்பட்டு, அலை வந்த ஈரக்கோட்டைப் பார்த்தார். அது வெகு கீழே இருந்தது.

பெரியவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். எழுதியது யார் என்று கேட்டார். என் மகள் கை தூக்கினாள். அவர் சிரித்தபடியேதான் கேட்டார், ஒரே பறவையைப் பதினோரு தடவை எண்ணினாயா பேட்டி, மகளே, என்று. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவள் அழவும் இல்லை. "வி டிட் நாட் லை, சார்" என்றாள் மெல்ல. அவர் நோட்டை மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தார். மூடிய அந்த நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் நின்ற நிலை இருக்கிறதே, அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

முருகா, குழியில் கிடப்பதற்கு வலி முடிந்துவிட்டது, இவளுக்கு இப்போதுதானே தொடங்குகிறது என்று உள்ளே ஏதோ சொல்லிற்று. பெரியவர் முன்னால் போய் நின்றேன்.

"சாப், மைனே கியா. சப் கோ மைனே தஃபன் கியா." எல்லாவற்றையும் நான்தான் புதைத்தேன்.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். பெரியவர், "தஃபன் கியா?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். "காம் அச்சா ஹை, பாய். லேகின் மேரா காம் கராப் ஹோ கயா." நல்ல காரியம்தான், ஆனால் என் வேலை கெட்டுப்போனதே என்றார்.

மண்வெட்டி போட்டால் உடல் அறுபட்டுவிடும். முழங்காலிட்டுக் கையால் தோண்டினேன். காலையில் தூவிய திருநீறு ஈர மணலோடு சேர்ந்து விரலில் ஒட்டியது. மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ என்று வாய் முனகிக்கொண்டே இருந்தது. யாரிடம் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தேன். என் மகள் பக்கத்தில் வந்து குந்தி, ஒவ்வொரு காலிலும் நூல் இருக்கிறதா என்று பார்த்து எண்ணினாள்.

ஆமை வந்தது. பறவை பத்து வந்தது. பதினொன்றாவது வரவில்லை.

"அப்பா, நீங்க எத்தனை போட்டீங்க?"

"எண்ணலம்மா."

"எண்ணலையா? நீங்களா?" என்றாள். அந்தக் கேள்வி அவள் அம்மா திட்டுவதைவிடச் சுருக்கென்று தைத்தது. குழியை இன்னும் அகலமாக்கித் தோண்டினேன். நகம் பிய்ந்தது. இல்லை. நான் வருமுன்னே நாய் ஒன்றைத் தூக்கிப் போயிருக்கலாம். ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

பெரியவர் ஒரு பறவையின் வயிற்றைக் கீறிக் காட்டினார். உள்ளே கன்னங்கரேல் என்று இருந்தது. மூன்று பறவைகளை ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டார். தன் தாளில், பள்ளி சொன்னது பதினொன்று, நான் பார்த்தது பத்து என்று எழுதுவதாக டீச்சரிடம் சொன்னார். "அவங்க கவுண்டை நான் வெட்டமாட்டேன், என் கவுண்டை அவங்களுக்காக மாத்தவும் மாட்டேன். அடுத்த வெள்ளியும் எண்ணட்டும். நான் வரேன்." அவர் உருதுவில் சொன்னதன் சாரம் இது. மீதியை நேற்று கிடந்த இடத்திலேயே திறந்தபடி விட்டுவிடச் சொன்னார். எத்தனை நாளில் மறைகிறது என்று பார்க்க வேண்டுமாம். பிள்ளைகள் தப்படி அளந்து இடம் காட்ட, நானே என் கையால் கொண்டுபோய்த் திரும்ப வைத்தேன்.

நோட்டில் கடைசிக் கட்டம் குறிப்பு எழுதுவதற்கு. என் மகள் அதில் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினாள். பிறகு ஏதோ இங்கிலீஷில் எழுதினாள்.

"என்னம்மா எழுதின?"

"யாரோ ஒருத்தர் எடுத்துப் புதைச்சிட்டார். திரும்பத் தோண்டி எடுத்தோம். ஒண்ணு கிடைக்கலைன்னு."

"யாரோ ஒருத்தர் இல்லம்மா. உள்ளதை எழுது."

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார். அடித்துவிட்டு, மேலே என் தந்தை என்று எழுதினாள்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். நடந்ததை மனைவி கேட்டுக்கொண்டாள். சாமி அலமாரிக்கு அவளே விளக்கேற்றினாள். "வாங்க, வந்து கும்பிடுங்க. நீங்க ஒளிஞ்சு நின்னா அவருக்குத் தெரியாதா?" என்றாள். போய் நின்றேன்.

இனி டீச்சர் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமையே டீச்சர் மகளிடம் சொல்லி அனுப்பிவிட்டார், வெள்ளிக்கிழமை வண்டி வேண்டும் என்று. பெரியவரும் சொன்னபடி வந்தார். திறந்து விட்ட ஏழு பறவையில் நான்கு இருந்தன. ஆமையின் ஓடு மட்டும் இருந்தது. புதிதாக இரண்டு பறவை ஒதுங்கியிருந்தன. அவர் எண்ணியதும் பிள்ளைகள் எண்ணியதும் அன்று ஒன்றாக இருந்தது. பள்ளிக்கூட நோட்டின் நகல் ஆய்வுக்கூடத்து ஃபைலுக்குள் போயிற்று. அதனால் எந்தக் கப்பல் திருந்தியது என்று எனக்குத் தெரியாது. கோடை லீவு வரை பிள்ளைகள் எண்ணினார்கள்.

நான் பிக்கப்பை விட்டு இறங்குவதில்லை என்று சொல்லிக்கொண்டு போவேன், அங்கே போனதும் இறங்கிவிடுவேன். உடல் கிடக்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, வாய்க்குள்ளேயே சிவ சிவ என்பேன். மணலை அள்ளிப் போடத்தான் விரல் துடிக்கும். மகள் எழுதி முடித்துத் தலை நிமிரும் வரை அப்படியே நிற்பேன்.