எஞ்சின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

எவர்சில்வர் டம்ளரில் முக்கால் வரை தண்ணீர் ஊற்றி, எஞ்சின் மூடியின் நடுவில் வைத்துவிட்டு, பிஜி அதன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஸ்பேனர் பையை அவள் இன்னும் திறக்கவேயில்லை. "இனி ஆரும் மிண்டாண்டாம்" என்றாள். படகின் சொந்தக்காரர் ராபின்சன் வளைகுடாத் துறைமுகங்களில் பாதி ஆயுளைக் கழித்தவர், பத்துப் பேரை ஒரு சத்தத்தில் அடக்கிப் பழகியவர். அவரே வாயை மூடிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற மனைவி லீலாபாய்க்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நிலைமை இல்லை.

கொல்லயில் கிராமத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள் பிஜி. சுடிதாருக்கு மேலே கணவனின் பழைய காக்கிச் சட்டை, அதன் பையில் வேர்க்கடலைப் பொட்டலம். நெய்யாறு கடலில் சேருகிற பூவாறு பக்கத்தில் எந்தப் படகுக்கு நோவு வந்தாலும் அவளுக்குத்தான் போன் போகும். அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. "எனக்க காதுக்குத் தப்பி ஒரு எஞ்சினும் இந்த ஆத்தில ஓடாது, கேட்டியளா" என்று வந்து இறங்கும்போதே அறிவித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுக் குழுவில் நிற்கும்போதும், பக்கத்தில் இருப்பவள் சுருதி தப்பினால் முழங்கையால் ஓர் இடி கொடுப்பாளாம்.

படகில் ஏறியவுடன் அவள் செய்த முதல் காரியம், எஞ்சின் போட்ட சத்தத்தை ராபின்சனை வாயால் போட்டுக் காட்டச் சொன்னதுதான். அவர் நெளிந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு "டுடுடுடு... க்ர்ர்ர்... ஹூம்" என்றார்.

"அந்தக் கடைசி ஹூம் மட்டும் ஒருக்கக் கூடப் போடுங்க அண்ணே. முக்கிட்டா நிண்ணுது, தும்மிட்டா நிண்ணுது?"

ராபின்சன் யோசித்தார். "முக்கிட்டாக்கும்."

"அப்பம் டீசல் இல்ல. டீசல் கிட்டாத எஞ்சின் தும்மும். இது பாரம் தாங்காத்த முக்கலாக்கும்."

அந்த முக்கல் நடந்த இடத்தை லீலாபாயால் மறக்க முடியாது. போன வாரம், ஆறு கடலுக்குள் நுழைகிற பொழிமுகத்தில், காற்றும் விழுந்து பாய் தொங்கிப்போன நேரம் பார்த்து எஞ்சின் நின்றது. படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. மீன்பிடிக்க வந்தவர்கள் கயிறு வீசி இழுத்திராவிட்டால் மணல் திட்டில் மோதியிருக்கும். அன்றிலிருந்து ராபின்சன் கட்டிக்கிடக்கும் படகில் ஏறும்போதுகூடக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். கொல்லத்திலிருந்து ஓர் ஆள் நாளைக்குப் படகை விலைபேச வருகிறான். லீலாபாயால் அதைத் தாங்க முடியவில்லை. கணவரைப் போனுக்குள் வைத்தே குடும்பம் நடத்தியவர் அவர். ராபின்சன் ஊரோடு வந்து சேர்ந்து, இந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கி, இருவருமாகச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, ஒரே பலகையில் உட்கார்ந்து ஆற்றில் போனபோதுதான் கல்யாணம் ஆனது போலவே இருந்தது. படகு போய்விட்டால் அவர் டிவி முன்னால், இவர் அடுக்களையில். அவ்வளவுதான்.

"போடுங்க அண்ணே" என்றாள் பிஜி. எஞ்சின் உறுமியது. டம்ளரில் வட்டம் வட்டமாக மெல்லிய அலை எழுந்து, அழகாக விளிம்பைத் தொட்டுத் திரும்பியது. "வேகம் கூட்டுங்க." வட்டம் நெருங்கியதே தவிர கலையவில்லை. "இனி கியர்." கியர் விழுந்ததுதான் தாமதம், தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூடியில் சிந்தியது. பின்னால் கரும்புகை கக்கியது. பிஜி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

"கண்டியளா? தனியா நிண்ணா பாடுது. கூட ஒருத்தனக் கெட்டிவிட்டா அழுவுது. எனக்கு முந்தி வந்த மெக்கானிக்கு எஞ்சினத் திறந்து பாத்திருக்கான், அவனுக்க வேல சுத்தமாக்கும். நோவுதான் அங்க இல்ல." டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அப்போதுதான் பையைத் திறந்தாள்.

எஞ்சினும் நீரைத் தள்ளும் விசிறியின் ஷாஃப்ட்டும் இரண்டு இரும்புத் தட்டுகளாகச் சந்திக்கிற இடத்தில் போல்ட்டுகளைக் கழற்றி, ஒன்றையொன்று விடுவித்தாள். கியர்பாக்ஸ் பக்கத்துத் தட்டு ஒரு கையால் சுற்றச் சுழன்றது. ஷாஃப்ட் பக்கத்தைப் பிடித்தாள். அசையவில்லை. காலை உதைப்புக் கொடுத்து இரண்டு கையாலும் முறுக்கினாள். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர ஷாஃப்ட் இம்மியும் நகரவில்லை. பிஜி முகமெல்லாம் மலர்ந்து சிரித்தாள். லீலாபாய்க்குப் புல்லரித்தது. ஒரு வாரமாக இவர்கள் தூக்கத்தைக் கெடுத்த பூதத்தை, ஒரு டம்ளர் தண்ணீரைக் காட்டி இவள் மூலைக்கு விரட்டிவிட்டாளே!

கொஞ்ச நேரத்தில் ஆற்றில் நீர் இறங்கி, படகின் பின்பக்கம் மணலில் தட்டி நின்றது. பிஜி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் நீரில் இறங்கினாள். ஷாஃப்ட் வெளியே வருகிற வாயில், அதைத் தாங்கிக்கொள்ள ஒரு ரப்பர் வளையம், புஷ், உண்டு. கம்பெனிச் சாமான் கிடைக்காமல், கள்ளிக்காட்டுப் பக்கம் நாட்டு ரப்பரில் வார்த்து வாங்கிப் புதிதாகப் போட்டது. பிஜி நகத்தால் அதை அழுத்திப் பார்த்தாள். விரலை மோந்தாள். இன்னொரு தரம் மோந்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். ராபின்சனைப் பார்க்கவில்லை, லீலாபாயைத்தான் பார்த்தாள்.

லீலாபாய்க்கு விளங்கிவிட்டது. போட்ட புதிதில் அந்த புஷ் கீச் கீச்சென்று கத்தியது. வீட்டில் கதவு கத்தினாலும் தையல் மிஷின் கத்தினாலும் கிணற்றுக் கப்பி கத்தினாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நீர் இறங்கும் போதெல்லாம், கணவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, பலகைக்கு அடியில் வைத்திருக்கும் தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்து அந்த வாயில் ஊற்றிவந்தார். கீச்சுச் சத்தம் நின்றது. சந்தோஷப்பட்டார். எண்ணெய் குடித்தால் ரப்பர் வீங்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

"ரப்பர் வீங்கி ஷாஃப்ட்டக் கட்டிப் பிடிச்சிருக்கு அண்ணே" என்றாள் பிஜி. "எஞ்சின் பாவமாக்கும். கழுத்தப் பிடிச்சிட்டு ஓடுண்ணு சொன்னா ஓடுமா? புஷ்ஷ மாத்தினாப் போரும். அதுக்கு ஆத்து வெள்ளந்தான் எண்ணெ, வேற ஒண்ணும் காட்டக்கூடாது. நாளைக்கு வாறவன வராண்டாம்ணு சொல்லிருங்க."

ரப்பர் ஏன் வீங்கியது என்று கேட்கக்கூட ராபின்சனுக்குப் பொறுமையில்லை. அதற்குள் போனை எடுத்திருந்தார். படகின் முன்முனைக்கு விறுவிறுவென்று நடந்தார். கம்பியைப் பிடிக்கவில்லை.

லீலாபாய் குனிந்து, தாழ்ந்த குரலில், "பிஜி... நானாக்கும் அது..." என்று தொடங்கினார்.

"அக்கா, கையில கிரீசு. கழுவ எண்ணெ வல்லதும் உண்டா?"

லீலாபாய் பலகைக்கு அடியிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினார். பிஜி மூடியைத் திறந்து, ஆற்றிலிருந்து தள்ளிக் கரையேறிப் போய், குப்பியை உள்ளங்கையில் கவிழ்த்தாள். எண்ணெய் விரலிடுக்குகளில் வழிந்து மண்ணில் சொட்டியது. அவள் நிமிர்த்தவில்லை. அடியைத் தட்டித் தட்டிக் கடைசிச் சொட்டு வரை இறக்கி, கருத்த கைகளை நன்றாகத் தேய்த்துக்கொண்டு, வெறும் குப்பியை மூடி லீலாபாயிடமே திருப்பிக் கொடுத்தாள்.